ஏழாம் அத்தியாயம்: முதலில் ஓட்டை, பிறகு பஞ்சு

பெப்ரவரியில் கடுங்குளிர் சற்றே தணிந்து ஒரு நாள் வெயில் எறிக்கும். அன்று பின்னேரம் படுக்கையறைச் சீலிங்கில் தேநீர் சிந்தியதுபோல ஒரு மண்ணிற வட்டம் தெரியும். பார்த்தவுடன் கூரை ஒழுகுகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட எங்கள் பங்களாவில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூரை வேலைக்காரர் ஒருவரை அழைத்தேன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர், ஷிங்கிள்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிவிட்டுப் போனார்.

சம்மதம் சொல்வதற்கு முன்னால் அற்றிக் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆணி முனைகள் உள்ளே நீட்டி நின்றன. ஒவ்வொரு முனையிலும் உறைபனி, வெள்ளைப் பாசி மணிபோலத் திரண்டிருந்தது. வெயில் பட்ட தெற்குப் பக்கத்தில் அந்த மணிகள் உருகி, கீழே கிடந்த பஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தன. அது வானத்திலிருந்து வந்த தண்ணீர் அல்ல. எங்கள் குசினியிலும் குளியலறையிலும் எழுந்த ஆவி சீலிங்கின் ஓட்டைகளால் மேலே போய், அங்கே உறைந்து, திரும்பக் கீழே வந்திருந்தது.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரு வரிசையை: முதலில் காற்றுப் போகும் ஓட்டைகளை அடையுங்கள், பிறகு இன்சுலேஷன் போடுங்கள். வரிசை மாறினால் செலவழித்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது. சில வீடுகளில் கூரைப் பலகையே உக்கிப்போகும்.

வெக்கை எப்படி வெளியேறுகிறது

சூடான காற்று மேலே ஏறும். வீட்டுக்குள் 20 பாகை, வெளியே மைனஸ் 20 பாகை என்றால், முழு வீடும் ஒரு புகைபோக்கிபோல வேலை செய்யும். மேல் ஓட்டைகளால் சூடான காற்று வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழே பேஸ்மென்ற் யன்னல், கதவு இடுக்கு, அத்திவாரத்துக்கு மேலுள்ள மரச்சட்டத்தின் இடைவெளி எல்லாவற்றாலும் குளிர்காற்று உள்ளே இழுபடும். சோபாவில் இருப்பவருக்குக் காலடியில் கூதல் அடிப்பதற்குக் காரணம் பல வீடுகளில் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

“அற்றிக்கில்தான் பஞ்சு இருக்கிறதே, அது தடுக்காதா?” என்று கேட்பார்கள். நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெட்டி நிறைய மாவு இருந்தாலும் ஆவி அதனூடாக ஏறி மேலே வந்துவிடும். பெட்டிக்கும் பானை வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆவி வீணாகும் என்று துணியைச் சுற்றி அடைப்பார்கள். அற்றிக்கில் கிடக்கும் பஞ்சு அந்த மாவைப் போன்றது. வெக்கை கடத்தப்படுவதை அது குறைக்கும். காற்று ஊடுருவுவதை நிறுத்தாது. அதை நிறுத்துவது சுற்றிக் கட்டும் துணி. அந்தத் துணியின் வேலையைத்தான் நாம் முதலில் செய்யப்போகிறோம்.

நம்முடைய வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். சோறு, புட்டு, இடியப்பம், ரசம் என்று நம் சமையலில் பெரும்பகுதி ஆவியில் நடக்கிறது. இரண்டு தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் குளிப்பும் துவைப்பும் அதிகம். இத்தனை ஈரமும் காற்றோடு சேர்ந்து மேலே ஏறினால், குளிர்ந்த கூரைப் பலகையில் உறையாமல் எங்கே போகும்?

ஏறுவதற்கு முன் கீழிருந்தே பார்க்க வேண்டியவை

- பனி பெய்த மறுநாள் தெருவில் நின்று உங்கள் கூரையையும் அயல் கூரைகளையும் பாருங்கள். மற்றக் கூரைகளில் பனி இருக்க, உங்கள் கூரையில் மட்டும் திட்டுத் திட்டாக உருகியிருந்தால், அந்த இடங்களுக்குக் கீழே வெக்கை கசிகிறது.
- கூரை விளிம்பில் தடித்த பனிக்கட்டி அணைகட்டி நிற்கிறதா? மேலே உருகிய நீர் வழிந்து வந்து, குளிர்ந்த விளிம்பில் மீண்டும் உறைவதால் வருவது அது. அதன் பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிள்ஸுக்குக் கீழே புகுந்து சுவருக்குள் இறங்கும்.
- காற்று வீசும் குளிர் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அற்றிக் மூடியின் விளிம்பருகே, சீலிங் விளக்கருகே, குளியலறை ஃபானருகே பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் அங்கே ஓட்டை உண்டு. இந்தச் சோதனையை அறைக்குள் மட்டும் செய்யுங்கள். நெருப்போடு அற்றிக்குள் போகக் கூடாது.

இவற்றைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள்

மூடியைத் திறந்ததும் பஞ்சைக் கிளறாமல், வெளிச்சம் அடித்து மட்டும் பாருங்கள். மூன்று விடயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது வேர்மிகியூலைற். சிறு கூழாங்கற்கள்போல, சாம்பல் கலந்த பொன்னிறத்தில் மினுங்கும் துகள்கள். வட அமெரிக்காவில் ஸோனொலைற் என்ற பெயரில் விற்கப்பட்ட இந்தப் பொருளில் பெரும்பகுதி அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலுள்ள லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தின் மண்ணில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. கொட்டப்பட்ட துகள்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம், கூட்ட வேண்டாம், வாக்குவம் பிடிக்கவே வேண்டாம். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, அஸ்பெஸ்ரஸ் அகற்றுவதற்குத் தகுதி பெற்றவர்களை அழையுங்கள்.

இரண்டாவது பழைய மின்கம்பி. 1950க்கு முந்திய வீடுகளில், வெள்ளைப் பீங்கான் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு தனித்தனிக் கம்பிகள் ஓடுவதைக் காணலாம். காற்றில் வெக்கையைவிட்டுக் குளிர்வதற்காகவே அவை திறந்தபடி கட்டப்பட்டன. அவற்றைப் பஞ்சால் மூடினால் தீ ஆபத்து. உரிமம் பெற்ற மின் கொந்தராத்துக்காரர் பார்த்து மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, கூரைப் பலகையில் கறுப்புப் பூஞ்சணம், வௌவால், அணில், ரக்கூன். அவற்றின் மேல் பஞ்சைப் போட்டு மறைப்பது வேலையல்ல. காரணத்தைத் தீர்த்த பிறகு வாருங்கள்.

ஓட்டைகளைத் தேடி அடைத்தல்

இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே, ஒக்ரோபர். யூலை மதியத்தில் அற்றிக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும், மயக்கம் வரும். கடுங்குளிரில் ஃபோம் சரியாக இறுகாது. என்95 முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, தலைவிளக்கு வேண்டும். இரண்டு மூன்று பலகைத் துண்டுகளை மரச்சட்டங்களுக்குக் குறுக்கே போட்டு அவற்றின் மேல்தான் நகர வேண்டும். சட்டங்களுக்கு நடுவே காலை வைத்தால் அரை அங்குல ட்ரைவோலை உடைத்துக்கொண்டு கால் கீழறையில் தொங்கும். வீட்டில் ஒருவர் கீழே நின்று அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டிருக்கட்டும்.

எங்கே தேடுவது? பழைய ஃபைபர்கிளாஸ் பஞ்சே வழி காட்டும். இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் பஞ்சில் சில இடங்கள் கரிபிடித்ததுபோலக் கறுத்திருக்கும். அது பூஞ்சணம் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும், ஆண்டுக்கணக்காக அந்த வழியால் போன காற்றிலிருந்து பஞ்சு வடித்தெடுத்த தூசி அது. கறுத்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஓட்டை இருக்கும். வழக்கமான இடங்கள் இவை:

1. உட்சுவர்களின் உச்சி. சுவரின் மேல்மரத்துக்கும் ட்ரைவோலுக்கும் நடுவே நீளமாக ஓடும் மெல்லிய வெடிப்பு. ஒன்றைப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். வீட்டின் எல்லாச் சுவர்களையும் சேர்த்தால் யன்னலொன்றைத் திறந்து வைத்ததுபோல ஆகும்.
2. மின்கம்பி இறங்கும் துளைகள், சீலிங் விளக்குப் பெட்டிகள்.
3. கழிவுநீர்க் குழாயின் மேல்மூச்சுக் குழாய் வரும் வழி. குழாய் மூன்று அங்குலம் என்றால் துளையை ஆறு அங்குலத்துக்கு வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.
4. குசினி அலுமாரிக்கு மேலுள்ள பெட்டிபோன்ற தாழ்ந்த சீலிங். உள்ளே வெற்றிடம், மேலே பல வீடுகளில் மூடியே இல்லை.
5. புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி.
6. பொற் லைற்றுகள். பழையவை காற்றையும் விடும், சூடாகவும் எரியும். பஞ்சோடு தொடக்கூடியவை, காற்றுப் புகாதவை என்று சான்று உள்ள புதிய வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

மெல்லிய வெடிப்புக்குக் கோக்கிங் போதும். விரல் நுழையும் ஓட்டைக்கு டின்னில் வரும் ஸ்பிரே ஃபோம். கை நுழையும் ஓட்டைக்கு ஃபோம் பலகையையோ ட்ரைவோல் துண்டையோ அளவாக வெட்டி வைத்து, விளிம்பைச் சுற்றி ஃபோம் அடியுங்கள். சீலிங்குக்குப் பின்னாலுள்ள பிளாஸ்ரிக் தாள் கிழிந்திருந்தால், ஒருபோதும் இறுகிக் காயாத கறுப்பு அக்கூஸ்ரிக்கல் சீலன்ற் பூசி, மேலே புதிய தாளை ஒட்டுங்கள்.

புகைபோக்கிக்கு மட்டும் விதி வேறு. அதைச் சுற்றி ஃபோம் அடிக்கவே கூடாது, அது எரியும். தகரத்தை வெட்டி வைத்து, அதிக வெப்பம் தாங்கும் சீலன்றால் ஒட்ட வேண்டும். பஞ்சு புகைபோக்கியைத் தொடாதபடி தகரத்தால் ஒரு வேலியும் கட்ட வேண்டும். எத்தனை அங்குலம் விலக வேண்டும் என்பது புகைபோக்கி வகையைப் பொறுத்தது. அதன் உற்பத்தியாளர் சொன்ன அளவையும் கட்டடச் சட்டத்தையும் பின்பற்றுங்கள்.

குளியலறை ஃபான் எங்கே ஊதுகிறது?

பழைய வீடுகளில் ஃபானின் குழாய் அற்றிக்குள்ளேயே முடிவதுண்டு. எங்கள் வீட்டு மண்ணிற வட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். காலையில் ஐந்து பேர் குளிக்கும் ஆவி முழுவதும் நேராகக் கூரைப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது. குழாய் கூரையையோ சுவரையோ கடந்து வெளியே போய், மடிப்பு மூடியுள்ள வாயில் முடிய வேண்டும். அற்றிக்குள் ஓடும் பகுதி முழுவதும் இன்சுலேஷன் உறை போட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி ஃபான் வழியாகத் திரும்பச் சொட்டும். சொஃபிற், அதாவது கூரை விளிம்பின் அடிப்பக்கம், வழியாக வெளியே விடுவதையும் தவிருங்கள். அங்கே விட்ட ஈரக்காற்று அடுத்த சொஃபிற் துளையால் அற்றிக்குள் திரும்ப ஏறும். குசினி ஃபானுக்கும் இதே கணக்கு.

கூரை மூச்சுவிட வழி

அற்றிக்கின் கீழே சீலிங் இறுக்கமாக இருக்க வேண்டும். மேலே கூரை தாராளமாக மூச்சுவிட வேண்டும். சொஃபிற் வழியாகக் குளிர்காற்று புகுந்து, கூரைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவி, உச்சித் துவாரத்தால் வெளியேறினால் மிச்சமீதி ஈரமும் காய்ந்துவிடும். சாதாரண சாய்வுள்ள கூரைக்கு ஒன்ராறியோ கட்டடச் சட்டம் கேட்பது சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு. 1,000 சதுர அடிச் சீலிங்குக்குச் சுமார் 3.3 சதுர அடி. அதில் குறைந்தது கால்வாசி மேலேயும் கால்வாசி கீழேயும் இருக்க வேண்டும்.

பஞ்சை ஊதும்போது அது விளிம்புக்கு வழிந்து சொஃபிற்றை அடைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்காகக் கூரைச் சட்டங்களுக்கு நடுவே பஃபிள் என்ற தட்டுகளை முதலிலேயே அடித்துவிட வேண்டும். பஞ்சுக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே குறைந்தது இரண்டரை அங்குலக் காற்றுவழி எப்போதும் இருக்கட்டும்.

இப்போது பஞ்சு

இன்சுலேஷனின் வலிமையை ஆர் மதிப்பால் அளக்கிறார்கள். 1960களின் வீடுகளில் நான்கு அங்குலப் பஞ்சு, ஏறக்குறைய ஆர்-12, இருப்பது சாதாரணம். இன்று ஒன்ராறியோவில் கட்டும் புதிய வீடுகளின் அற்றிக்கில் வழக்கமாகப் போடுவது ஆர்-60.

வித்தியாசத்தைக் கணக்கில் பாருங்கள். 1,000 சதுர அடிச் சீலிங், உள்ளே 20 பாகை, வெளியே மைனஸ் 20 பாகை. ஆர்-12 இருந்தால் சீலிங் வழியாகச் சுமார் 1,760 வாற் வெக்கை போய்க்கொண்டிருக்கும். 1,500 வாற் மின் ஹீற்றர் ஒன்றை இரவும் பகலும் அற்றிக்குள் எரிய விட்டதைவிட அது அதிகம். ஆர்-60 இருந்தால் இழப்பு 350 வாற்றுக்கு இறங்கிவிடும். ஓட்டைகளால் போகும் காற்று இந்தக் கணக்கில் இல்லை. அதற்காகத்தான் முதலில் அடைக்கச் சொன்னேன்.

ஊதிப் போடுவதற்கு இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். செலுலோஸ் என்பது பழைய பத்திரிகைத் தாளை அரைத்து, தீப்பிடிக்காதிருக்க போரேற் உப்புச் சேர்த்தது; அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5. ஆர்-60க்குச் சுமார் 17 அங்குல உயரம் வேண்டும். ஊதும் ஃபைபர்கிளாஸ் இலகுவானது, அவ்வளவாகத் தாழ்ந்து படியாது. அதே ஆர் மதிப்புக்கு இன்னும் கூடிய உயரம் வேண்டும். இரண்டும் நல்லவைதான். பழைய பஞ்சு காய்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கத் தேவையில்லை, மேலேயே ஊதலாம். ஆனால் பழையதற்கும் புதியதற்கும் நடுவே பிளாஸ்ரிக் தாள் விரிக்கவே வேண்டாம். ஈரம் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

செலுலோஸ் காலப்போக்கில் சற்றுப் படியும். ஆகவே படிந்த பிறகு என்ன உயரம் இருக்கும் என்பதே பேச்சாக இருக்கட்டும். ஒவ்வொரு பையிலும், எத்தனை சதுர அடிக்கு எத்தனை பை என்ற அட்டவணை அச்சிட்டிருக்கும். ஊதி முடிந்ததும் வெறும் பைகளை எண்ணுங்கள். மரச்சட்டத்தில் அங்கங்கே அளவுகோல் அட்டைகளை அடித்து வைத்தால் உயரம் எங்கும் ஒன்றா என்று மூடியருகே நின்றே பார்க்கலாம்.

மறக்கப்படும் மூடி

எல்லாம் முடிந்த பிறகும் அற்றிக் மூடி வெறும் பலகையாகவே கிடப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்த மூடியின் பரப்பு, சீலிங்கில் 200இல் ஒரு பங்குகூட வராது. ஆனால் முன்சொன்ன குளிரில் அது மட்டும் 50 வாற்றுக்கு மேல் இழக்கும். ஆர்-60 போட்ட மிச்சச் சீலிங் முழுவதும் இழப்பதில் ஏழில் ஒரு பங்கு அது. மூடியின் முதுகில் ஃபோம் பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டி, இறுக்கிப் பிடிக்கக் கொக்கி போடுங்கள். பஞ்சு சரிந்து விழாதபடி வாசலைச் சுற்றிப் பலகையால் வரம்பு கட்டுங்கள். அரைநாள் வேலைதான்.

இறுகிய வீட்டில் மூச்சு

ஓட்டைகளை அடைத்த வீட்டில் ஈரமும் சமையல் மணமும் தாமாகப் போய்விடா. சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஃபானை ஓட விடுங்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 வீதத்துக்குள் இருக்கட்டும், கடுங்குளிரில் 30க்கு அருகே. யன்னலில் தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம்.

இயற்கை இழுவையில் புகையை வெளியேற்றும் பழைய சுடுநீர்த் தொட்டி அல்லது ஃபேர்னஸ் இருந்தால், வேலை முடிந்ததும் எரிவாயு தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு அது சரியாக இழுக்கிறதா என்று சோதிப்பியுங்கள். வீடு இறுகும்போது அந்தப் புகை உள்ளே திரும்பக்கூடும். காபன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்கு அருகே வேலை செய்ய வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

ஆளைப் பிடித்துச் செய்விப்பதானால்

பஞ்சு ஊதுவதை ஒரு நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். ஓட்டை அடைப்பதுதான் நேரம் பிடிக்கும். அதனால் பலர் அதைத் தவிர்ப்பார்கள். விலை கேட்கும்போதே இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்தெந்த ஓட்டைகளை எதனால் அடைப்பார்கள், எத்தனை பஃபிள், படிந்த பின் என்ன ஆர் மதிப்பு, எத்தனை பை, மூடியும் சேர்த்தா. வேலைக்கு முன்னும் பின்னும் படம் கேளுங்கள். ஓட்டைகளை மூடிய படங்களைப் பார்த்த பிறகே பஞ்சை ஊதச் சொல்லுங்கள்.

வேலைக்கு முன் எனர்கைட் என்ற வீட்டு எரிசக்தி மதிப்பீட்டைச் செய்விப்பது நல்லது. முன்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளப்பார்கள். விசிறி ஓடும்போது கூடவே நடந்து, கையால் தடவிப் பாருங்கள். ஓட்டைகள் எல்லாம் தாமாகவே தெரியும். மானியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், இன்றைய நிலையை அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள். 2021இல் தொடங்கிய கனடா கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. திட்டங்கள் மாறும், பலவற்றுக்கு வேலைக்கு முன்பே மதிப்பீடு வேண்டும்.

கதவைத் தட்டி வருபவரிடம் அன்றே கையெழுத்திடாதீர்கள். இட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம். வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ சட்டம் இடம் தருகிறது. நம் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பவர்கள் அவர்கள்தான்.

வரிசை, ஒரே பார்வையில்

1. கீழிருந்து அடையாளம் பார்த்தல்
2. வேர்மிகியூலைற், பழைய கம்பி, பூஞ்சணம், விலங்கு இல்லையென்று உறுதிசெய்தல்
3. ஃபான் குழாய்களை வெளியே கொண்டுபோதல்
4. ஓட்டைகளை அடைத்தல்
5. பஃபிள் அடித்தல்
6. பஞ்சு ஊதுதல்
7. மூடியை முடித்தல்
8. ஈரமும் புகையும் சோதித்தல்

எங்கள் வீட்டில் மாற்றச் சொன்ன ஷிங்கிள்ஸ் அதற்குப் பிறகு பல குளிர்காலம் கண்டன. அடுத்த பெப்ரவரியில் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஆணி முனைகள் காய்ந்து கிடந்தன. இந்தச் சனிக்கிழமை ஒரு ஏணியும் ஒரு டோர்ச்சும் எடுங்கள். எதையும் வாங்குவதற்கு முன், எவருக்கும் காசு கொடுப்பதற்கு முன், மூடியைத் தூக்கி உங்கள் அற்றிக்கை நீங்களே ஒருமுறை பாருங்கள்.